நுண்மையின் விலை: லித்தியம் மின்கலத்தில் நானோ துகள்களுக்குரிய இடம்

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்ஷய பாதி, கே. எஸ். நஞ்சுண்டசாமி, ஜான் குடினஃப் ஆகிய மூவரும் மின்வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு புதிய மின்முனைப் பொருளை அறிவித்தார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் அந்தப் பொருள் மலிவானது, நஞ்சற்றது, ட்ரிஃபைலைட் என்ற பெயரில் இயற்கையிலேயே கனிமமாகக் கிடைப்பது. ஆனால் அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தையே பெற முடிந்தது. உள்ளிருந்த லித்தியத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் வெளியே வந்து திரும்பியது. குறைந்த திறன் போதுமான மின்கலங்களுக்கு ஏற்றது என்றே கண்டறிந்தவர்களும் அதை மதிப்பிட்டார்கள். இன்று அதே பொருள் பேருந்துகளையும் கார்களையும் ஓட்டுகிறது. சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கிறது. 2024இல் உலகின் மின்வாகன மின்கலச் சந்தையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பாஸ்பேட்டின் கையில் இருந்ததாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பொருளின் வேதி வாய்ப்பாடு மாறவில்லை. மாறியது துகளின் அளவு. அத்துடன் ஒவ்வொரு துகளின் மீதும் போர்த்தப்பட்ட மெல்லிய கரிப்படலம்.

மின்முனைகளில் நானோ கட்டமைப்பின் பயனுக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. இந்த வெற்றியை முன்வைத்து, துகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க எந்த மின்கலமும் மேம்படும் என்ற நம்பிக்கை கடந்த கால் நூற்றாண்டாக ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரம்பு தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம். நுண்மை என்பது மின்முனைப் பொருளின் உள்ளார்ந்த ஒரு குறைக்குத் தரப்படும் மருந்து. அந்த மருந்துக்கு மேற்பரப்பு என்னும் விலை உண்டு. அந்த விலை குறைவாக இருக்கும் வேதியியலில் மட்டுமே நானோ துகள் தனித்து நின்று வென்றிருக்கிறது. மற்ற இடங்களில் அது வென்றதெல்லாம் ஒரு பெரிய துகளின் வயிற்றுக்குள் அடங்கி, மின்பகுளி தன்னைத் தொடாதபடி காக்கப்பட்டபோதுதான். இரும்பு பாஸ்பேட், அடுக்கு ஆக்சைடுகள், சிலிக்கான் ஆகிய மூன்றின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படித்தால் இது தெளிவாகும்.

நீரில் ஓட்டம், கல்லில் ஊர்தல்

லித்தியம் அயனி மின்கலத்தில் இரண்டு மின்முனைகள், இடையே மின்பகுளி என்னும் திரவம். மின்சாரம் எடுக்கும்போது எதிர்மின்முனையிலிருந்து லித்தியம் அயனி வெளியேறி, திரவத்தைக் கடந்து, நேர்மின்முனையின் படிகத்துக்குள் புகுகிறது. எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிவந்து அங்கே சேர்கிறது. சார்ஜ் ஏற்றும்போது இதே பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. அயனிக்குத் திரவத்தில் செல்வது எளிது; திடப்பொருளுக்குள் ஒவ்வொரு அடியும் அணுக்களின் நெருக்கத்தைக் கடந்தாக வேண்டும். இந்த விரவலுக்கு ஆகும் நேரம் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. தொலைவு இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். விரவல் குணகம் விநாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரான் விட்டமுள்ள துகளின் மையத்திலிருந்து விளிம்புக்கு வர அயனிக்கு ஏறத்தாழ 70 மணி நேரம் ஆகும். அதே பொருளை 100 நானோமீட்டர் துகளாக்கினால் 25 விநாடி போதும். பொருளைத் தொடாமல், அளவை மட்டும் நூறில் ஒன்றாகக் குறைத்து, நேரத்தைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்கிவிடலாம். நானோ கட்டமைப்பின் கவர்ச்சி முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

கணக்கின் மறுபக்கமும் அதே அளவு உறுதியானது. இரும்பு பாஸ்பேட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.6 கிராம். அதை 10 மைக்ரான் உருண்டைகளாக வைத்தால் ஒரு கிராமின் மேற்பரப்பு 0.17 சதுர மீட்டர். 100 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 17 சதுர மீட்டர். சமையலறையில் இந்த உண்மை எல்லோருக்கும் தெரிந்ததே. பொடித்த மிளகு ரசத்தில் உடனே சாரம் விடும். முழு மிளகு விடாது. ஆனால் முழு மிளகு டப்பாவில் ஆண்டுக்கணக்கில் மணம் காக்கும். பொடி சில வாரங்களில் மணம் இழக்கும். விரைவாகத் தருவதும் விரைவாக இழப்பதும் ஒரே காரணத்தால் நிகழ்கின்றன. வெளியுலகோடு உரையாடும் பரப்பு கூடிவிட்டது என்பதே அந்தக் காரணம். மின்முனைத் துகளுக்கு அந்த வெளியுலகம் மின்பகுளி. அந்த உரையாடல் நட்பானதா பகையானதா என்பதைத் துகளின் அளவு தீர்மானிப்பதில்லை; அதன் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது.

இன்றைய மின்பகுளிகள் கரிம கார்பனேட் திரவங்களில் லித்தியம் உப்பைக் கரைத்துச் செய்யப்படுபவை. லித்தியம் உலோகத்தை அளவுகோலாக வைத்தால், ஏறத்தாழ 1 வோல்ட்டுக்குக் கீழே அவை எலக்ட்ரானை ஏற்றுச் சிதைகின்றன; 4 வோல்ட்டை நன்கு தாண்டும்போது எலக்ட்ரானை இழந்து சிதைகின்றன. கிராஃபைட், சிலிக்கான் போன்ற எதிர்மின்முனைகள் இயங்குவது கீழ்வரம்புக்கும் கீழே. அப்படியிருந்தும் மின்கலம் உயிர்வாழக் காரணம், சிதைந்த மின்பகுளியே துகளின் மேல் ஒரு தோலாகப் படிந்து மேற்கொண்டு சிதைவைத் தடுப்பதுதான். 1979இல் எமானுவேல் பெலெட் இதைத் திண்ம மின்பகுளி இடைப்படலம் என்று விளக்கினார். இந்தத் தோலைக் கட்ட லித்தியம் செலவாகிறது. பரப்பு கூடினால் செலவும் கூடும். முழு மின்கலத்தில் லித்தியம் அளந்து வைக்கப்பட்ட சேமிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் 99.9 விழுக்காடு திரும்பினாலும் 1000 சுற்றுகளுக்குப் பின் மிஞ்சுவது 37 விழுக்காடுதான். 90 விழுக்காடு மிஞ்ச வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் 99.99 விழுக்காடு திரும்ப வேண்டும். மின்கலத்தின் ஆயுள் இந்த நான்காவது இலக்கத்தில்தான் இருக்கிறது. மேற்பரப்பு அரிப்பதும் அந்த இலக்கத்தைத்தான்.

இரும்பு பாஸ்பேட் ஏன் தப்பியது

பாஸ்பேட்டின் கதை 1997க்குப் பத்தாண்டுகள் முன்பே தொடங்குகிறது. தென் தமிழகத்தின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், குடினஃபுடன் சேர்ந்து 1987, 1989ஆம் ஆண்டுகளில் இரும்பின் மாலிப்டேட், டங்ஸ்டேட், சல்பேட் சேர்மங்களை ஆராய்ந்தார். வெறும் ஆக்சைடுகளில் 2.5 வோல்ட்டுக்கும் கீழே நின்ற இரும்பின் மின்னழுத்தம், சல்பேட் போன்ற கூட்டயனிகளுக்கிடையே வைக்கப்பட்டபோது 3 வோல்ட்டைத் தொட்டு, 3.6 வோல்ட் வரை உயர்ந்தது. கூட்டயனி ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்குமான பிணைப்பு தளர்வதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். மலிவான இரும்பைக் கொண்டு பயனுள்ள மின்னழுத்தம் பெறும் வழி அங்கே திறந்தது. 2019இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரை ஆற்றியவரும் மந்திரமே. 1997இன் பாஸ்பேட் இந்த வழியில் வந்தது: மின்னழுத்தம் ஏறத்தாழ 3.45 வோல்ட், கோட்பாட்டளவிலான கொள்திறன் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி. ஆனால் மின்னழுத்தத்தை உயர்த்திய அதே அமைப்பு எலக்ட்ரான்களின் வழியை அடைத்தது. அதன் மின்கடத்துதிறன் நல்ல கடத்திகளின் அருகில்கூட வராது. அது கிட்டத்தட்ட ஒரு காப்புப்பொருள்.

இந்தக் குறை இரண்டு படிகளில் தீர்ந்தது. 1999இல் நத்தாலி ரவே, மிஷெல் அர்மான் குழுவினர், கரிமப் பொருளோடு சேர்த்துச் சூடாக்கிப் பாஸ்பேட் துகள்கள் மீது கரிப்படலம் போர்த்தலாம் என்று காட்டினார்கள். எலக்ட்ரான் துகளின் விளிம்பு வரை வந்து சேர்வதற்கு அந்தப் படலம் பாதை ஆனது. 2001இல் ஜப்பானில் அட்சுவோ யமாதா குறைந்த வெப்பநிலையில் சிறு துகள்களைத் தயாரித்துக் கொள்திறனைக் கோட்பாட்டு அளவுக்கு அருகே கொண்டுசென்றார். கனடாவில் லிண்டா நசாரின் குழுவும் கரியோடு பின்னிய நானோ துகள்களால் அதே முடிவுக்கு வந்தது. துகள் ஏன் சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்கான ஆழமான விடை பிறகு கிடைத்தது. இந்தப் படிகத்தில் லித்தியம் நினைத்த திசையில் போக முடியாது. ஒரே திசையில் ஓடும் குறுகிய சுரங்கங்கள் வழியாகத்தான் போகும். கெர்பிராண்ட் சேடரின் குழு 2004இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னது. 2008இல் யமாதாவின் குழு நியூட்ரான் சிதறல் மூலம் நேரடியாகக் கண்டது. சுரங்கத்தில் லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக ஓர் இரும்பு அணு உட்கார்ந்தால் வழி அடைபடும். நீண்ட சுரங்கத்தில் இத்தகைய அடைப்பு ஒன்றுக்கு மேல் இருக்கும். இரண்டு அடைப்புகளுக்கு நடுவே சிக்கிய லித்தியம் வெளியேறாது. நீளம் குறைந்த சுரங்கத்தில் பெரும்பாலும் அடைப்பே இராது. அடைப்புகள் துகளின் அளவோடு சேர்ந்து விரவலை எப்படி மாற்றுகின்றன என்பதை 2010இல் சேடர், பசந்த் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

நோய் அறிந்து தரப்பட்ட மருந்து என்று இதைச் சொல்லலாம். ஆனால் பாஸ்பேட்டின் வெற்றியைப் பேசுவோர் அதிகம் கவனிக்காத மற்றொரு பாதி உண்டு. 3.45 வோல்ட் என்பது மின்பகுளி எந்தப் பக்கமும் சிதையாத நடுப்பகுதி. பரப்பு நூறு மடங்கானாலும் அந்தப் பரப்பில் நடக்கும் கெடுதல் மிகக் குறைவு. வெப்பமும் ஈரமும் கலந்தால் சிறிது இரும்பு கரைவதுண்டு. அதைக் கட்டுப்படுத்த முடிகிறது. பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்த ஆக்சிஜன் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே இங்கே நுண்மை ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தது. எதிர்மின்முனைப் பக்கம் இதற்கு இணையான ஒரே பெரிய எடுத்துக்காட்டு லித்தியம் டைட்டனேட். அது 1.55 வோல்ட்டில், அதாவது மின்பகுளியின் கீழ்வரம்புக்கு மேலே, இயங்குகிறது. லித்தியம் புகும்போதும் வெளியேறும்போதும் படிகம் கிட்டத்தட்ட அளவு மாறுவதில்லை. நுண்துகள் டைட்டனேட் மின்கலங்களை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் பல ஆண்டுகளாகத் தயாரித்து வருகிறது. அவை விரைவாகச் சார்ஜ் ஏற்கின்றன, பல்லாயிரம் சுற்றுகள் தாங்குகின்றன. நானோ துகள் தனித்து நின்று வென்ற இரண்டு இடங்களும் மின்பகுளியின் பாதுகாப்பான எல்லைக்குள் இருப்பவை. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லைக்கு வெளியே

எல்லையைத் தாண்டியவுடன் காட்சி மாறுகிறது. 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி மின்கலத்தின் நேர்மின்முனை கோபால்ட் ஆக்சைடு. அதன் படிகத்தில் அயனிகள் இரு திசைகளிலும் பரவும் அடுக்குப் பாதை உண்டு. பாஸ்பேட்டின் நோய் அதற்கு இல்லை. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒக்குபோவும் உடன் பணியாற்றியவர்களும் அதையே பல நானோ அளவுகளில் செய்து பார்த்தார்கள். ஓரளவு வரை சிறிதாக்கியபோது வேகம் கூடியது. ஆனால் 15 நானோமீட்டருக்குக் கீழே போனதும் கொள்திறன் சரிந்தது. மின்னழுத்தத்தின் தட்டையான பகுதியும் குலைந்தது. அத்தனை சிறிய படிகத்தில் அணுக்களில் பெரும் பங்கு மேற்பரப்பை ஒட்டியே இருக்கிறது. மேற்பரப்பின் இயல்பே பொருளின் இயல்பாகிவிடுகிறது. வணிகத்தில் கோபால்ட் ஆக்சைடு இன்றும் மைக்ரான் அளவுத் துகள்களாகவே செய்யப்படுகிறது.

நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த அடுக்கு ஆக்சைடுகள் இன்னும் தெளிவான பாடம் தருகின்றன. இவை வழக்கமாகச் சில நூறு நானோமீட்டர் மணிகள் திரண்ட, 10 மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாகத் தயாரிக்கப்படும். உருண்டை முழுதாக இருக்கும்வரை மணிகள் உள்ளே பாதுகாப்பாக இருக்கும். ஆனால் லித்தியம் போகவர ஒவ்வொரு மணியும் வெவ்வேறு திசையில் சுருங்கி விரிவதால் மணிகளுக்கிடையே விரிசல் விழும். அந்த விரிசலில் மின்பகுளி புகும். அதுவரை மறைந்திருந்த பரப்பு 4 வோல்ட்டுக்கு மேலான சூழலில் வெளிப்படும். கெடுதல் உள்ளேயிருந்து தொடங்கும். இதற்குத் தொழிற்துறை கண்ட விடை, துகளை மேலும் சிறிதாக்குவதற்கு நேர் எதிரானது. மணிகளே இல்லாத, சில மைக்ரான் அளவுள்ள ஒற்றைப் படிகங்களைச் செய்தார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானின் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட நீண்ட சோதனை முடிவுகளில், ஒற்றைப் படிக நேர்மின்முனையும் கிராஃபைட்டும் கொண்ட மின்கலங்கள் ஒரு காரை 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டத் தக்கவை என்று மதிப்பிடப்பட்டது. அந்த ஆயுளுக்குத் தேர்ந்த மின்பகுளிச் சேர்க்கைகளும் துணைநின்றன. ஆயினும் அடிப்படையில் நடந்தது, மின்பகுளி தொடக்கூடிய பரப்பைக் குறைத்ததுதான்.

சிலிக்கானின் வரலாறு இவ்வாதத்தின் இரு பக்கங்களையும் ஒன்றாகக் காட்டுகிறது. கிராஃபைட்டின் கொள்திறன் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. சிலிக்கானுக்கு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 3600. பத்து மடங்கு வேறுபாடு. ஆனால் அவ்வளவு லித்தியத்தை விழுங்கும்போது சிலிக்கான் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாக வீங்குகிறது. லித்தியம் வெளியேறும்போது சுருங்குகிறது. பெரிய துகள் இந்த அலைக்கழிப்பில் நொறுங்கித் தூளாகும். 2008இல் ஸ்டான்ஃபோர்டில் யீ சுய்யின் குழு சிலிக்கான் நானோ கம்பிகளை வளர்த்து, அவை உடையாமல் வீங்கிச் சுருங்குவதைக் காட்டியது. 2012இல் வெளியான ஆய்வொன்று, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழேயே லித்தியம் ஏற்றிப் பார்த்து, ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் குறைவான சிலிக்கான் துகள் விரிசல் விடுவதில்லை என்று அளந்து சொன்னது. விரிசல் பரவத் தேவையான ஆற்றலை அவ்வளவு சிறிய துகள் சேர்த்துவைக்க முடியாது என்பதே அடிப்படை. நொறுங்கும் நோய்க்கு நுண்மை முழுத் தீர்வாகிவிட்டது என்று அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனால் உடையாத துகளும் வீங்குவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை வீங்கும்போதும் மேலே படிந்த பாதுகாப்புத் தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புதிய தோல் வளர்கிறது. அதற்கு லித்தியமும் மின்பகுளியும் செலவாகின்றன. 100 நானோமீட்டர் சிலிக்கான் துகள்கள் கிராமுக்கு 26 சதுர மீட்டர் பரப்பு காட்டும். அத்தனை பரப்பிலும் இந்தச் செலவு சுற்றுதோறும் நிகழும். ஆய்வாளர்கள் இதை விரைவில் உணர்ந்தார்கள். 2012இல் அதே ஸ்டான்ஃபோர்டு குழு ஒவ்வொரு சிலிக்கான் துகளையும் ஒரு கரிக்கூட்டுக்குள், வீங்க இடம் விட்டு, முட்டைக்குள் மஞ்சள்கருபோல வைத்தது. 2014இல் அத்தகைய கூடுகளைத் திரட்டி, மாதுளம்பழத்தில் முத்துகள் அடுக்கியிருப்பதுபோல, மைக்ரான் அளவுப் பெருந்துகளாக்கி வெளியே ஒரு கரித்தோலும் போர்த்தியது. மின்பகுளி தொடுவது பழத்தின் தோலை மட்டுமே. 1000 சுற்றுகளுக்குப் பின்னும் 97 விழுக்காடு கொள்திறன் நின்றது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் க்ளெப் யூஷினின் குழு 2010இலேயே கரியும் சிலிக்கானும் படிநிலையாகத் திரண்ட மைக்ரான் துகள்களை முன்வைத்திருந்தது. நுண்துளைக் கரிக்குள் வாயுவிலிருந்து நானோ சிலிக்கானைப் படியவைக்கும் முறை இன்று தொழிற்சாலை அளவை எட்டியிருக்கிறது. சிலிக்கான்-கரி எதிர்மின்முனைகள் கைபேசிகளுக்குள் வந்துவிட்டன. நானோ சிலிக்கான் சந்தைக்கு வந்தது மைக்ரான் கரியின் மடியில் அமர்ந்துதான்.

வெளிவரவே முடியாமல் நின்றுபோன வழி ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் பிரான்சில் ழான்-மரி தரஸ்கோன் குழுவினர், கோபால்ட், நிக்கல், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடு நானோ துகள்கள் லித்தியத்தோடு வினைபுரிந்து முழுவதுமாக உலோகமாகவும் லித்தியம் ஆக்சைடாகவும் பிரிந்து, பிறகு திரும்பச் சேர்வதைக் கண்டார்கள். கொள்திறன் கிராமுக்கு ஏறத்தாழ 700 மில்லி ஆம்பியர்-மணி. பருமனாக இருந்தால் நடவாத வினை நானோ அளவில் நடந்தது. அறிவியலாக அது உண்மையான புதுமை. ஆனால் முதல் சுற்றிலேயே பெரும் இழப்பு நேர்ந்தது. ஏற்றும் மின்னழுத்தத்துக்கும் இறக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே பெரிய இடைவெளி நின்றது. ஏற்றிய ஆற்றலில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடும். அந்த வழியில் நானோ நாரும் நானோ மலரும் நானோ தகடுமாக எண்ணற்ற வடிவங்கள் செய்யப்பட்டன. எந்த வடிவமும் அந்த இடைவெளியை ஒழிக்கவில்லை. குறை விரவலில் இல்லாமல் வினையின் இயல்பிலேயே இருந்ததால், நுண்மை என்னும் மருந்து அங்கே நோயைத் தொடவே இல்லை.

எழக்கூடிய மறுப்புகள்

விரைவாகச் சார்ஜ் ஏற்ற நானோ துகள் இன்றியமையாதது. ஆகவே விலையைக் கொடுத்தே தீர வேண்டும் என்பது முதல் மறுப்பு. இதற்கு இரண்டு விடைகள். ஒன்று, துகளுக்குள் இருக்கும் தொலைவு பயணத்தின் ஒரு பகுதிதான். வணிக மின்முனை பல பத்து மைக்ரான் கனமுள்ள பூச்சு. அதன் வளைந்து நெளிந்த துளைகள் வழியாக மின்பகுளியில் அயனி வர வேண்டும். துகளை எவ்வளவு பொடித்தாலும் இந்தத் தொலைவு குறையாது. நெருக்கிப் பொடித்தால் துளைகள் இன்னும் குறுகும். 2009இல் சேடரும் பியுங்வூ காங்கும் பாஸ்பேட் மின்முனையைச் சில விநாடிகளில் காலியாக்கிக் காட்டியபோது எழுந்த விவாதம் இதைத் துலக்கியது. ஜாகிப், குடினஃப் உள்ளிட்டோர் மறுத்து எழுதினார்கள்: அந்த உச்ச வேகச் சோதனையில் மின்முனையின் எடையில் 65 விழுக்காடு கரி, காட்டப்பட்டது மின்னிறக்க வேகம், அதிலிருந்து சார்ஜ் ஏற்றும் வேகத்தை முடிவுகட்ட முடியாது. துகள் விரைவானது என்பதும் மின்கலம் விரைவானது என்பதும் இருவேறு கூற்றுகள். இரண்டாவது விடை 2018இல் வந்தது. கேம்பிரிட்ஜில் கிளேர் கிரேயின் குழு, நயோபியம் டங்ஸ்டன் ஆக்சைடுகளை மைக்ரான் அளவுத் துகள்களாகவே வைத்துச் சில நிமிடங்களில் சார்ஜ் ஏற்றியது. படிகத்துக்குள் அகலமான திறந்த பாதைகள் இருந்ததால் பொடிக்க வேண்டிய தேவையே எழவில்லை. படிகமே நல்ல பாதை தரும்போது நுண்மை தேவையற்ற செலவு.

பரப்பு பகையானால் அதற்குப் பூச்சுப் போடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. அணு அடுக்காகப் படியவைக்கும் பூச்சுகளும் மின்பகுளியில் சேர்க்கும் துணைப்பொருள்களும் உண்மையிலேயே பயன் தருகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 5 நானோமீட்டர் கனமுள்ள பூச்சை 10 மைக்ரான் துகளின் மீது போட்டால் அதன் பருமன் 0.3 விழுக்காடு கூடும். அதே பூச்சை 100 நானோமீட்டர் துகள் மீது போட்டால் பருமன் 33 விழுக்காடு கூடும். மின்சாரம் சேமிக்காத, வெறுமனே இடத்தை அடைக்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. பல நானோ துகள்களை ஒன்றாகத் திரட்டி அந்தத் திரளுக்கு ஒரே பூச்சுப் போட்டால் மட்டுமே இந்தச் சுமை குறையும். ஆகவே பூச்சு என்னும் வாதத்தை அதன் கடைசி வரை கொண்டுசென்றால், அது மாதுளம்பழத்தின் அமைப்பில்தான் போய் நிற்கிறது.

அடிப்படை ஆய்வைத் தொழிற்சாலையின் அளவுகோலால் அளப்பது நியாயமா என்பது மூன்றாவது. மிகவும் மதிக்கத்தக்க மறுப்பும் இதுவே. நானோ துகள்கள் இல்லாவிட்டால் சிலிக்கான் ஏன் உடைகிறது என்றோ பாஸ்பேட்டின் சுரங்கங்கள் ஏன் அடைபடுகின்றன என்றோ நமக்குத் தெரிந்திருக்காது. அந்த அறிவு எந்த மின்கலத்துக்கும் குறையாத மதிப்புடையது. நான் கேட்பது அறிவுக்கான அளவுகோலைத் தாழ்த்துவதை அல்ல. பயன்பாட்டைக் கோரும் கூற்றுக்குரிய அளவுகோலை உயர்த்துவதை. 2011இல் யூரி கோகோட்சியும் பத்ரீஸ் சிமோனும் எச்சரித்தது இதையே: எடையே இல்லாத மெல்லிய மின்முனையில் கிராமுக்கு இவ்வளவு என்று அளந்த எண், முழுக் கருவியில் அதே அளவு நிற்காது. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் அரைக்கலத்தில் எதிரே லித்தியம் உலோகம் இருக்கிறது. அது எடுக்க எடுக்கக் குறையாத சேமிப்பு. மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் விழுங்கும் லித்தியத்தை அது ஓசையின்றி ஈடுகட்டிவிடும். நானோ துகளின் மிகப் பெரிய குறை எந்தச் சோதனையில் மறைந்துவிடுமோ, அந்தச் சோதனையிலேயே நானோ துகள் மிகுதியாக அளக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆய்வுலகம் இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே ஒரு புதிய நானோ மின்முனையைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தப் பொருளின் குறை தொலைவைச் சுருக்கினால் தீருமா? அதன் மின்னழுத்தம் மின்பகுளியின் எல்லைக்குள் இருக்கிறதா? இல்லையென்றால், அந்தப் பரப்பை மூடும் பெரிய கட்டமைப்பு எது, அது ஆயிரம் சுற்றுகளுக்கு உடையாமல் நிற்குமா? இரும்பு பாஸ்பேட் முதல் இரண்டுக்கும் நல்ல விடை வைத்திருந்தது. சிலிக்கான் மூன்றாவதற்கு விடை தேடிக்கொண்டது. தரஸ்கோன் குழுவின் ஆக்சைடு மின்முனைகள் முதல் கேள்வியிலேயே நின்றன.

நுண்மையின் விலையிலிருந்து முற்றிலும் தப்பிக்க பாஸ்பேட்டாலும் முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொடி நுண்மையாக நுண்மையாக, துகள்களுக்கிடையே வெற்றிடம் கூடி, ஒரே பருமனில் குறைவான பொருளே அடங்கும்; இடம் குறைந்த மின்கலம் வேண்டுவோருக்கு அது இழப்பு. அதனால் இப்போது பாஸ்பேட் தயாரிப்பாளர்கள் துகளை மேலும் பொடிப்பதை விட்டு, பெரிய துகள்களின் இடுக்குகளில் சிறியவை நிரம்பும்படி அளவுகளைக் கலந்து, அழுத்திய பூச்சின் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் கொண்டுசென்றிருக்கிறார்கள். நானோவால் உயிர்பெற்ற பொருளே, தன் வளர்ச்சியின் அடுத்த கட்டத்தில் பெரிய துகளுக்கும் இடம் ஒதுக்குகிறது. அயனி செல்லும் வழி நீளம் குறைந்ததாகவும், மின்பகுளி தொடும் பரப்பு சிறியதாகவும், துகள்கள் நெருக்கமாகவும் இருக்க வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் எந்த ஒற்றை அளவும் நிறைவேற்றாது. அவற்றைச் சமன்செய்யும் கட்டமைப்பைத் தேடுவதே இனி மின்முனை ஆய்வின் வேலை.